தோல் சிவந்தால் கோழி வெந்துவிட்டதா?

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங், டிசம்பரில் கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் இந்த விருந்துகள் முடிந்த கையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சிறிய குடும்பத்துக்கு வான்கோழி அதிகம் என்று, ஆளுக்கொரு கார்னிஷ் ஹென் வாங்கி, ரோஸ்மேரி, தைம், பூண்டு கலந்த வெண்ணெய் தடவிச் சுடுகிறார்கள். நல்ல விருந்துதான். ஆனால் பேதி தொடங்கி மூன்று நாள் வீட்டிலேயே கிடந்து, நாக்கு வறண்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் வருகிறார்கள். அதுதான் வேதனை.

வெண்ணெய்க் கிண்ணம் ஜாக்கிரதை

கார்னிஷ் ஹென் காட்டுப் பறவை அல்ல. இரண்டு பவுண்டுக்கு மேல் போகாத பண்ணை இளங்கோழி. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் கிருமிகள் இதிலும் இருக்கலாம்.

மார்புத் தோலை விரலால் நெகிழ்த்தி, உள்ளே வெண்ணெயைத் தள்ளுகிறோம். அதே விரல் மறுபடி கிண்ணத்துக்குள் போகிறது. மிஞ்சிய வெண்ணெய் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. பிள்ளைகள் ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். கோழி நன்றாக வெந்திருந்தாலும் நோய் இந்த வழியாக வந்துவிடும். கோழிக்கு வேண்டியதை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

நம்பக் கூடாத நம்பிக்கைகள்

“மஞ்சள், எலுமிச்சை போட்டுக் கழுவினேனே, டாக்டர்!” கழுவினால் கிருமி சாகாது. தெறிக்கும் தண்ணீரோடு சிங்க், பக்கத்தில் நறுக்கி வைத்த சாலட் என்று பரவும். கழுவவே வேண்டாம்.

“ஃப்ரீசரில்தானே இருந்தது!” குளிரில் கிருமி பெருகாது, அவ்வளவுதான், சாவதில்லை. சமையல் மேடையில் வைத்து ஐஸ் விடவைக்காதீர்கள். ஒரு நாள் முன்பே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள்.

“தோல் பொன்னிறமாகிவிட்டதே!” வெண்ணெய் தடவிய தோல் சீக்கிரம் சிவந்துவிடும்; உள்ளே தொடைச்சந்து வேகாமல் இருக்கலாம். மாறாக, இளங்கோழியில் எலும்பை ஒட்டிய கறி நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகத் தெரிவதுண்டு. இரண்டு பக்கமும் நிறம் ஏமாற்றும். இறைச்சித் தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தொடையின் உள்பக்கத்திலும் மார்பின் தடித்த இடத்திலும் குத்திப் பாருங்கள். 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். ஒவ்வொரு கோழியையும், வயிற்றில் அடைத்த பூரணத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

“விருந்து முடிந்து மூன்று நாள் ஆயிற்றே!” கேம்பைலோபாக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நேற்றைய இட்லியைப் பழிக்காதீர்கள்.

பெட்டியில் வந்த மாத்திரை

ஊரிலிருந்து கொண்டுவந்த சிப்ரோஃப்ளாக்சசினை இரண்டு வேளை விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு எத்தனை முறை சொல்வது! பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. கேம்பைலோபாக்டர் பல நேரம் அந்த மருந்துக்கு அடங்குவதும் இல்லை. ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைத் தொடாதீர்கள். பிராந்தி குடித்தாலும் வயிற்றுக் கிருமி சாகாது. உடம்பின் நீரைத்தான் மேலும் குறைக்கும்.

முதல் மருந்து ஓஆர்எஸ் கரைசல். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

எப்போது ஓடிவர வேண்டும்?

மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. பேதி நின்று சில வாரங்களில் கால் மரத்துத் தளர்ந்தால், அபூர்வமான கில்லன்-பாரே நரம்பு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மலப் பரிசோதனை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பச்சைக் கோழியைத் தொட்ட கையை 20 விநாடி சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெட்டும் பலகையைத் தனியாக வையுங்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். விருந்துக்கு அவ்வளவு செலவு செய்கிறீர்கள். ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். தயவுசெய்து வாங்குங்கள்!