கார்டு மெஷின் வாங்கலாமா? அரக்கோணம் கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு

"சார், கியூஆர் ஒட்டியாச்சு, சவுண்ட்பாக்ஸும் கத்துது. இப்போ டேப் பண்ற மெஷின் வாங்கச் சொல்லி ஆள் வர்றாங்க, வாங்கட்டுமா?" அரக்கோணத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டது இது.

ஜிபே இருக்கும்போது கார்டு எதுக்குன்னு சட்டுன்னு சொல்லிடலாம். ஆனா நம்ம ஊர்ல ரயில்வே, ஐஎன்எஸ் ராஜாளி, இச்சிபுத்தூர் எம்ஆர்எஃப், தேசியப் பேரிடர் மீட்புப் படை என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைய. மாசக் கடைசியில் 2,500 ரூபாய்க்கு ஷூ வாங்குபவர் கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவார். மெஷின் இல்லைன்னா அடுத்த கடைக்குப் போவார். அதனால் துணி, செருப்பு, செல்போன், வீட்டு உபயோகப் பொருள் கடைகளுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். டீக்கடை, பூக்கடைக்கு கியூஆரே போதும்.

செலவு ரெண்டு வகை. ஒன்று, மெஷின் வாடகை. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டணும். இன்னொன்று எம்டிஆர், அதாவது ஒவ்வொரு பில்லிலும் வங்கி பிடிக்கும் கமிஷன். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐ-க்கும் 2020 ஜனவரி 1 முதல் இது பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடையில் 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. அதைத் தாண்டினால் 0.90 வரை போகலாம். கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

ஒரு உதாரணம். வாடகை 400, ஜிஎஸ்டி சேர்த்து 472 ரூபாய்னு வச்சுக்குவோம். மாதம் 60,000 ரூபாய் கார்டில் வருது: ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட் மூன்றிலும் தலா 20,000. கிரெடிட் எம்டிஆர் 1.8 சதவீதம். அப்போ கமிஷன் 0 + 80 + 360 = 440. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 79. (2,000 ரூபாய்க்குள் இருக்கும் பில்களின் கமிஷனுக்கு இந்த ஜிஎஸ்டி கிடையாது, இங்கே எல்லாமே பெரிய பில் என்று எடுத்திருக்கிறேன்.) மொத்தச் செலவு 991 ரூபாய், விற்பனையில் 1.65 சதவீதம். தாங்கும்.

அதே கடையில் கார்டில் 9,000 ரூபாய்தான் வந்தால்? கமிஷன் 78, வாடகை அதே 472. 550 ரூபாய், அதாவது 6 சதவீதத்துக்கும் மேல்! பத்து சதவீத லாபத்தில் ஓடும் கடைக்கு பாதிக்கு மேல் போச்சு. மெஷின் விற்க வர்றவர் இந்த ரெண்டாவது கணக்கைச் சொல்லவே மாட்டார். ஆகவே, வாங்கும் முன் ஒரு மாசம் "கார்டு இருக்கா?" என்று கேட்டவர்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பில் தொகையையும் எழுதுங்க. விண்ணப்பத்தில் விற்றுமுதலைப் பெருமைக்காக ஏத்திப் போடாதீங்க, 0.40 கைவிட்டுப் போயிடும்.

மெஷின் வந்த பிறகு வரும் முதல் புகார், "டேப் ஆக மாட்டேங்குது". பெரும்பாலும் மெஷின் மேல் தப்பில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டில் இந்த வசதி அணைத்துதான் வரும். வாடிக்கையாளர் தன் வங்கி ஆப்பில் 'ஆன்' செய்யணும். நம்மாட்கள் 'வைஃபை கார்டு' என்று சொன்னாலும் அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை. சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும். ஒவ்வொரு தடவையும் ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீடு உருவாகும். 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் தேவையில்லை. கார்டு வாடிக்கையாளர் கையை விட்டு வராது என்பதே எனக்குப் பிடித்த அம்சம்.

அடுத்தது வரி பயம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்து சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பலர் கியூஆரைக் கழற்றினார்கள். ஆனால் ரொக்கமாக வாங்கினாலும் அது விற்றுமுதல்தான். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு பொதுவாக 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அனுமான வருமான முறையில், நாம் பழகிய 44ஏடி, ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும் வங்கி வழி வருவதற்கு 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். 15 லட்சம் விற்றால் 1,20,000-க்கும் 90,000-க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே சாதகம்.

கணக்கு எழுதும்போது ஒன்று கவனிங்க. 2,500 ரூபாய் பில்லுக்கு பேங்கில் 2,447 வந்திருக்கும். விற்பனை 2,500 என்றும், கமிஷன் 45, ஜிஎஸ்டி 8 என்றும் தனித்தனியாக எழுதணும். வந்ததை மட்டும் விற்பனையாகப் போட்டால் விற்றுமுதல் குறைந்து தெரியும். வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 8 ரூபாயையும் வாடகை மேல் கட்டிய வரியையும் உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் கடைக்காரருக்கு அது முழுச் செலவுதான்.