சிறிய தொடக்கமும் கீழ்ப்படிதலும்: திண்டிவனம் கற்பிக்கும் விசுவாசப் பாடம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் ஏரிகளும் கரும்புத் தோட்டங்களும் மணிலாக் கொல்லைகளும் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்கு அப்பால், பெருஞ்சாலையில் செல்வோர் கண்ணுக்குத் தென்படாத சிற்றூர்களில், ஒரு சில குடும்பங்களையே கொண்ட சிறு சபைகள் பல உள்ளன. இத்தகைய சபைகளில் பணியாற்றும் போதகர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆண்டுகள் பல உழைத்தோம், சபை பெருகவில்லை. எங்கள் விசுவாசத்தில்தான் குறையோ?" என்பதே அது. இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. விசுவாசம் என்றால் என்ன, அது எவ்வாறு வளர்கிறது, அதன் வளர்ச்சிக்கு அடையாளம் யாது என்பன பற்றிய நம் எண்ணங்கள் அனைத்தும் இக்கேள்வியில் அடங்கியுள்ளன. திருமறையின் ஒளியிலும், இதே திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியின் துணைகொண்டும் இதனை ஆராய்வோம்.

1. சீடர்களின் வேண்டுதல்

லூக்கா 17ஆம் அதிகாரத்தில், தங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யுமாறு அப்போஸ்தலர்கள் ஆண்டவரை வேண்டுகின்றனர். அவ்வேண்டுதல் எழுந்த சூழலை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரே நாளில் ஏழு முறை தவறு செய்து ஏழு முறையும் மனம் வருந்தி வருகிற சகோதரனை மன்னிக்க வேண்டும் என்று இயேசு சற்று முன்னர்தான் கூறியிருந்தார். அக்கட்டளையின் கடுமையைக் கேட்டே சீடர்கள் திகைத்தனர். முதலில் விசுவாசம் பெருகட்டும், பின்னர்க் கீழ்ப்படிவோம் என்பது அவர்களுடைய எண்ணமாக இருந்திருக்கலாம்.

ஆண்டவர் அந்த வரிசையை ஏற்கவில்லை. கடுகளவு விசுவாசமே போதும் என்கிறார். தொடர்ந்து, வயலில் உழுதுவிட்டு வந்து வீட்டிலும் பணிவிடை செய்து, தன் கடமையைத்தான் செய்ததாகக் கூறும் ஊழியனைப் பற்றிய உவமையைச் சொல்லுகிறார். இவ்விரு பகுதிகளையும் நாம் தனித்தனியே பிரசங்கிப்பதால் அவற்றின் தொடர்பை இழந்துவிடுகிறோம். விசுவாசத்தின் அளவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் அளவைப் பற்றி விடை தரவில்லை. உள்ள விசுவாசத்தைக் கொண்டு முன்னிருக்கும் வேலையைச் செய்யும்படி அவர்களை அனுப்புகிறார். சகோதரனை ஏழாம் முறை மன்னிப்பவனே, தான் மன்னிக்கப்பட்டவன் என்பதை ஆழமாக நம்பக் கற்றுக்கொள்கிறான்.

ஜெர்மானிய இறையியலாளர் பான்ஹோஃபர், 1937ஆம் ஆண்டில் வெளியான சீடத்துவம் பற்றிய தம் நூலில், விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் முன்பின் என்று பிரிக்க முடியாது என வற்புறுத்தினார். விசுவாசமின்றிக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நாம் நன்கறிந்த பாதி. கீழ்ப்படிதலின்றி விசுவாசமும் இல்லை என்பது நாம் மறந்துபோகும் மறுபாதி.

2. கேட்டலே கீழ்ப்படிதல்

'கீழ்ப்படிதல்' என்னும் சொல்லை நம் நாட்டுப்புறச் சபைகளில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாருக்கும் மேல்சாதியாருக்கும் கீழ்ப்படியுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட மக்களுக்கு இச்சொல் எளிதில் அடிமைத்தனத்தையே நினைவூட்டும். திருமறையின் மூலமொழிகளில் இச்சொல்லுக்கு அடிப்படை வேறு. எபிரேயத்தில் 'ஷாமா' என்னும் ஒரே வினை, கேட்டலையும் கீழ்ப்படிதலையும் குறிக்கும். கிரேக்கத்தில் 'ஹூப்பகோயே' என்னும் சொல்லும் கேட்டலைக் குறிக்கும் வினையடியாகவே பிறந்தது. ரோமர் 1:5இல் பவுலடியார் பேசும் விசுவாசத்தின் கீழ்ப்படிதல், அழைப்பவருடைய குரலைக் கேட்டு எழுந்து செல்வதாகும். ஆபிரகாம் போகுமிடம் அறியாமலே புறப்பட்டான் என்று எபிரெயர் 11:8 கூறுவதும் இதுவே. வழி முழுவதும் தெரிந்தபின் புறப்படுவதற்கு நம்பிக்கை தேவையில்லை.

3. திண்டிவனத்து இரவு

ஆர்க்காட்டு மிஷனை அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853ஆம் ஆண்டில் தொடங்கினர். அவர்களுடைய தந்தை மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து, 1836இல் சென்னைக்கு இடம் பெயர்ந்தவர். அக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில், 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா சோபியா ஸ்கடர். அவர் சிறுமியாக இருந்தபோது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைக் கண்டார். பின்னர் அமெரிக்காவில் கல்வி கற்றார். பெற்றோரைப் போல மிஷனெரியாவதில்லை என்பதே அவருடைய உறுதியான தீர்மானம். தாயாரின் உடல்நலக் குறைவால், அவருக்கு உதவியாகச் சில காலம் தங்கிச் செல்லவே 1890ஆம் ஆண்டு வாக்கில் அவர் திண்டிவனத்திலிருந்த மிஷன் இல்லத்திற்கு வந்தார்.

சில ஆண்டுகளுக்குள் ஓரிரவு நிகழ்ந்ததை அவரே பின்னாளில் பலமுறை எடுத்துரைத்தார். பிராமண இளைஞர் ஒருவர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வேண்டினார். ஐடா தாம் மருத்துவர் அல்லர் என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவர் உடனே வருவார் என்றும் கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்று அவ்விளைஞர் மறுத்துத் திரும்பினார். அதே இரவில் இஸ்லாமியர் ஒருவரும், அவருக்குப்பின் மேல்சாதி இந்து ஒருவரும் அதே வேண்டுதலோடு வந்து, அதே காரணத்தால் வெறுங்கையராய்த் திரும்பினர். காலையில் சாவுப்பறை கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதை அவர் அறிந்தார். அவ்விரவில் கடவுள் தம்மை அழைத்தார் என்று உணர்ந்த ஐடா, மருத்துவம் பயிலப் போவதாகப் பெற்றோரிடம் கூறினார்.

இதன்பின் நடந்தவை ஆரவாரமற்றவை. 1895இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். மனைவியின் நினைவாக ஷெல் என்னும் வங்கியாளர் அளித்த 10,000 டாலர், பெண்கள் மருத்துவமனைக்கு முதலாயிற்று. 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வேலூருக்கு வந்தார். எந்தத் தந்தையாரிடம் தொழில் பழகலாம் என எண்ணியிருந்தாரோ, அவர் அதே ஆண்டில் இறந்தார். மிஷன் இல்லத்தின் சிறிய அறையில், ஒரே படுக்கையோடு பணி தொடங்கிற்று. சாலோமி என்னும் உள்ளூர்ப் பெண் அவருக்குத் தொடக்ககால உதவியாளரானார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பும் தொடங்கிற்று. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அறியாதார் யார்? ஆயினும் திண்டிவனத்து இரவில் இவற்றுள் ஒன்றும் ஐடாவின் கண்முன் இல்லை. மருத்துவம் பயில வேண்டும் என்னும் ஒரே அடுத்த அடிதான் அவருக்குத் தெரிந்தது.

4. இதனை எவ்வாறு பிரசங்கிப்பது?

இந்நிகழ்ச்சியை நம்மிற் பலர் பிரசங்க மேடையில் கூறியிருக்கிறோம். கூறும் முறையில் இரண்டு தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, ஒரு பெண்ணை ஊழியத்திற்கு அழைப்பதற்காகக் கடவுள் மூன்று பெண்களைச் சாகவிட்டார் என்னும் பொருள்படப் பேசிவிடுகிறோம். நாம் சொல்லும் கதையில் அம்மூவருக்கும் பெயர்கூட இல்லை. பிரசவத்தில் மகளை இழந்த தாய் நம் ஆராதனையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அவள் தன் மகளும் யாரோ ஒருவருடைய அழைப்புக்குக் கருவியானாளோ என்று எண்ணும்படி நாம் பேசலாமா? அம்மூவரின் உயிரைப் பறித்தவை பேறுகால மருத்துவ உதவியின்மையும், பெண்ணின் உயிரினும் வழக்கத்தைப் பெரிதாக எண்ணிய சமுதாயமும் ஆகும். கடவுளின் குரல் அச்சாவுகளை நியாயப்படுத்தவில்லை. இனி இவ்வாறு நேரலாகாது என்றே அது ஒலித்தது. லாசருவின் கல்லறையருகே கண்ணீர்விட்ட ஆண்டவரை அறிந்த நாம் வேறு விதமாகச் சொல்லத் துணியலாகாது.

இரண்டாவது, பெரிய மருத்துவமனையைச் சுட்டிக்காட்டி, அதனால் ஐடாவின் விசுவாசம் மெய்யானது என்று நிறுவ முயலுகிறோம். ஒரு படுக்கை ஒரே படுக்கையாகவே இருந்திருந்தால் அவருடைய கீழ்ப்படிதல் பொய்யாகிவிடுமா? விளைவைக் கொண்டு விசுவாசத்தை அளக்கும் இவ்வழக்கமே சிற்றூர்ப் போதகரின் நெஞ்சைக் குத்தும் முள்ளாகிறது. ஐடாவின் விசுவாசம் 1942இல் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. காலையில் பெற்றோரிடம் பேசிய வேளையிலேயே அது மெய்யாயிருந்தது.

5. சிற்றூர்ச் சபைகளின் சான்று

ஐடாவுக்கு முன்னரே இந்நிலப்பகுதியில் வேறு பலர் இதே வழியில் நடந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆர்க்காட்டு மிஷன் சிற்றூர்ப் பணியில் பெரிதும் ஈடுபட்டது. ஓர் ஊரில் சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பழைய வழிபாட்டைக் கைவிடவும், ஓய்வுநாளை அனுசரிக்கவும், போதனை பெறவும் உடன்பட்டால், மிஷன் அவர்களைத் தன் பராமரிப்பில் ஏற்றது. அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற உழைப்பாளிகள். திரித்துவக் கோட்பாட்டையோ ஒப்புரவாக்குதலையோ விளக்க அவர்களால் அன்று இயன்றிராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் பண்ணை வேலைக்குச் செல்ல மறுப்பது, நாட்கூலியில் வாழ்ந்தவனுக்குச் சிறிய காரியமன்று. பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புவதும் அவ்வாறே.

பண்ணையாரின் கட்டளைக்கு மேலான ஒரு குரலை அவர்கள் கேட்டனர். அக்குரலுக்குக் காட்டிய கீழ்ப்படிதல் அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது. வேறு நன்மைகளை நாடி வந்தவர்கள் என்று அவர்களை இகழ்ந்தோர் அக்காலத்திலும் உண்டு, இக்காலத்திலும் உண்டு. அப்பம் நாடி வந்த கூட்டத்தையும் ஆண்டவர் பசியோடு அனுப்பிவிடவில்லை. கலப்பான நோக்கங்களோடு தொடங்கும் விசுவாசமும், கீழ்ப்படியும் வழியில் தூய்மை பெறுகிறது. அச்சபைகள் பின்னர்த் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. இன்று நம் வேதாகமக் கல்லூரிகளில் பயிலும் மாணவருட் பலர் அத்தகைய குடும்பங்களின் வழித்தோன்றல்களே.

6. மண்ணுக்குள் வளர்வது

மாற்கு 4:26-29இல் உள்ள உவமையில், விதைத்தவன் உறங்கி எழுகிறான். விதை முளைத்து வளரும் விதம் அவனுக்கே தெரிவதில்லை. திண்டிவனம் வட்டாரத்து உழவர்களுக்கு இவ்வுவமையை விளக்க மணிலாப் பயிரே போதும். அதன் மஞ்சட்பூ வெளிச்சத்தில் பூக்கிறது. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி இறங்கி மண்ணுக்குள் நுழைகிறது. அங்குதான் காய் பிடிக்கிறது. காய் பிடித்திருக்கிறதா என்று நாள்தோறும் செடியைப் பிடுங்கிப் பார்ப்பவன் பயிரையே இழப்பான். களையெடுப்பதும் மண் அணைப்பதும் உழவன் வேலை. காய் பிடிப்பது அவன் வேலையன்று.

கடுகு விதையின் உவமையும் இதனோடு சேர்த்தே படிக்கப்பட வேண்டும். சிறியதெல்லாம் பெரியதாகும் என்று அது நமக்கு உறுதிச்சீட்டு எழுதித் தரவில்லை. வளர்வது கடவுளின் ஆட்சி. நம் நிறுவனமோ, சபைக் கணக்கோ, கட்டடமோ அன்று. அம்மரத்தின் சிறப்பாகச் சொல்லப்படுவதும் அதன் உயரமன்று. பறவைகளுக்கு அது தரும் நிழலே. அற்பமான தொடக்கத்தின் நாளை இகழ வேண்டாம் என்று சகரியா 4:10 எச்சரித்ததும், சிறைவாழ்வினின்று திரும்பி, பாழான நகரில் கோயிலைக் கட்ட முயன்ற மிகச் சிறிய சமுதாயத்தை நோக்கியே.

7. ஊழியருக்குச் சில குறிப்புகள்

இங்கு நாம் கண்டவற்றால் போதகருக்கும் இறையியல் மாணவருக்கும் சில நடைமுறைக் கடமைகள் புலப்படுகின்றன. சபையாரிடம் 'உங்கள் விசுவாசம் போதாது' என்று கடிந்துகொள்வதை விடுத்து, இவ்வாரத்தில் அவர்கள் செய்யக்கூடிய ஒரு கீழ்ப்படிதலை அவர்களோடு சேர்ந்து கண்டறிவோம். பேச்சு வார்த்தையற்றுப் போன அண்ணன் வீட்டிற்குச் செல்வதாக அது இருக்கலாம். மகளின் படிப்பை நிறுத்தாதிருப்பதாக இருக்கலாம். திருவிருந்தில் யாருக்குப் பின் யார் முழந்தாளிடுவது என்னும் சாதி எண்ணத்தைக் கைவிடுவதாகவும் இருக்கலாம். அவ்வாறு செய்தவர்கள் அடுத்த ஞாயிறன்று திருவசனத்தை வேறு காதுகளோடு கேட்பார்கள்.

நமக்கும் இதுவே விதி. தொடக்கத்திற் குறிப்பிட்ட போதகரின் கேள்விக்கு நாம் தரும் விடை இதுதான்: சபை பெருகாமையால் உம்முடைய விசுவாசம் குறைவுடையதென்று ஆகிவிடாது. நேற்று நோயுற்ற மூதாட்டியைச் சந்திக்க மிதிவண்டியில் சென்றீரே, ஆறு பேருக்காகவும் பிரசங்கத்தை ஆயத்தம் செய்தீரே, அங்கே உமது விசுவாசம் வளர்ந்துகொண்டிருந்தது. விளைவு ஆண்டவர் கையில் உள்ளது. நம் வாசலில் கேட்கும் தட்டுதலுக்கு எழுந்து செல்வது மட்டுமே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.