பெரிலுக்கு பைசா இல்லை, மெலிசாவுக்கு 15 கோடி டாலர்: ஜமைக்காவின் பேரிடர் பத்திரம் எப்படி வேலை செய்கிறது?

கரீபியக் கடலில் உள்ள தீவு நாடு ஜமைக்கா. 2024 ஜூலையில் பெரில் புயல் தாக்கியபோது, பேரிடருக்கென்றே போட்டு வைத்திருந்த பத்திரத்திலிருந்து அந்த நாட்டுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. 2025 அக்டோபர் 28-ல் மெலிசா புயல் கரையைக் கடந்தது. அதே பத்திரத்திலிருந்து 15 கோடி டாலரும் முழுசாகக் கிடைத்தது. ஏன் இந்த வித்தியாசம்?

கேட் பாண்ட் என்றால் என்ன?

'கேட்டஸ்ட்ரஃபி பாண்ட்' என்பதன் சுருக்கம்தான் கேட் பாண்ட். ஜமைக்காவுக்காக உலக வங்கி 2024-ல் இதை வெளியிட்டது. முதலீட்டாளர்கள் இதில் 15 கோடி டாலர் போட்டார்கள். 2027 இறுதிவரை பெரும் புயல் வராவிட்டால் அசல் அவர்களுக்கே திரும்பும். அதுவரை நல்ல வட்டியும் உண்டு. புயல் வந்தால் அசல் ஜமைக்காவுக்குப் போய்விடும். இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால், இன்சூரன்ஸ் மாதிரி இதற்கும் பிரீமியம் உண்டு.

'பெரும் புயல்' என்று முடிவு செய்வது எப்படி?

இடிந்த வீடுகளை யாரும் எண்ணுவதில்லை. புயல் எந்தப் பாதையில் போனது, அதன் மையத்தில் காற்றழுத்தம் எவ்வளவு குறைந்தது, இந்த இரண்டுதான் கணக்கு. காற்றழுத்தம் குறையக் குறைய புயலின் வலிமை கூடும். அதனால் சேத ஆய்வு, இழுத்தடிப்பு எதுவும் இல்லை. மெலிசா கரையைக் கடந்த அடுத்த மாதமே, முழுத் தொகையும் உண்டு என்பது உறுதியானது.

அதே விதிதான் பெரில் நேரத்தில் காலை வாரியது. தெற்குக் கடற்கரையை ஒட்டிப் போன பெரில் வீடுகளையும் பயிர்களையும் நாசமாக்கியது. ஆனால் காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. அவ்வளவுதான், பணம் இல்லை.

வேறு வழி உண்டா?

அதே பெரில் கிரெனடாவையும் புரட்டிப்போட்டது. அந்த நாடு தனது கடன் பத்திரங்களிலேயே ஒரு 'புயல் ஷரத்து' சேர்த்து வைத்திருந்தது. பெரும் புயல் அடித்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்பதே அது. 2024-ல் அதைப் பயன்படுத்தி, தவணைக்குப் போக வேண்டிய பணத்தை நிவாரணத்துக்குத் திருப்ப முடிந்தது. கடன் தள்ளுபடி ஆகாது. பிறகு கட்டத்தான் வேண்டும்.

இது போதுமா?

மெலிசாவால் ஜமைக்காவுக்கு ஏற்பட்ட சேதம் சுமார் 880 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அதாவது, 100 ரூபாய் நஷ்டத்துக்கு இந்தப் பத்திரம் தந்தது 2 ரூபாய்க்கும் குறைவு.

புவி வெப்பமடைவதில் ஜமைக்கா போன்ற நாடுகளின் பங்கு மிகச் சொற்பம். இவர்களுக்கு உதவ, ஐ.நா. பருவநிலை மாநாட்டில் 2022-ல் தனி நிதியம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023-ல் துபாயில் செயல்வடிவம் பெற்றது. மெலிசா வீசிய நேரத்தில் உலக நாடுகள் அதற்குத் தருவதாகச் சொல்லியிருந்த மொத்தத் தொகை 100 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. மெலிசா என்ற ஒரே புயலின் சேதம் அதைப் போல 8 மடங்குக்கும் மேல்!

பத்திரமும் ஷரத்தும் நல்ல முதலுதவி. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டப்போவது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.