அப்பாவின் சலத் தொல்லையைப் பிள்ளை மொழிபெயர்க்கலாமா?

1980களில் இளைஞர்களாக நோர்வேக்கு வந்து, வடக்கே பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பிறகு ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்த ஈழத்தமிழ் ஆண்கள் பலருக்கு இப்போது வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஒஸ்லோவின் புருசெத்தும் அதைச் சூழ்ந்த குரூருட் பள்ளத்தாக்கும் தமிழர் பலர் வாழும் பகுதி. புரோஸ்டேட் சுரப்பி பருத்துச் சலக்குழாயை நெருக்கத் தொடங்கும் வயதும் இதுதான். அறுபதுகளில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் உண்டு. மருந்து இருக்கிறது. 2001 முதல் ஆளுக்கொரு குடும்ப வைத்தியர் என்ற ஏற்பாடும் இருக்கிறது. நோயாளியின் சொல் வைத்தியரிடம் முழுதாகப் போய்ச் சேர்வதுதான் இல்லை.

இந்தத் தொல்லையைக் கணிப்பதில் சலப் பரிசோதனை, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவு, ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனாலும் அடித்தளம் பேச்சுத்தான். உலகெங்கும் பயன்படும் வினாத்தாளில் ஏழு கேள்விகள்: கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, இரண்டு மணித்தியாலத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, வேகம் குறைந்ததா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டுத்தொகை 7க்குள் என்றால் பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். 20ஐத் தொட்டால் கடுமை. மெதுவாக வருகிறது என்றால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். தம்சுலோசின் என்ற மருந்து சில நாட்களில் தசையைத் தளர்த்தும். பினஸ்டரைட் சுரப்பியைச் சுருக்கப் பல மாதம் எடுக்கும். மருந்துக்கு மசியாவிட்டால் சலக்குழாய் வழியே கருவி செலுத்திச் சுரண்டி எடுப்பார்கள். அடக்க முடியவில்லை என்பது சலப்பையின் கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. இரவில் நிறையப் போகிறது என்றால் தெற்காசியருக்கு முதலில் நீரிழிவைப் பார்க்க வேண்டும். சலத்தில் இரத்தம் கண்டால் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்யும்வரை விடக்கூடாது.

இத்தனை கிளைகளும் பிரிகிற இடத்தில் மகளோ மகனோ மொழிபெயர்க்க நடுவே உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? உடை நனைகிறது என்பதை அப்பா சொல்லமாட்டார். விறைப்புக் குறைந்துவிட்டதா என்று வைத்தியர் கேட்டால் பிள்ளை அதை மொழிபெயர்க்காது. விறைப்புக் குறைவு இதயக் குழாய் நோயின் முன்னறிகுறியாக வருவதும் உண்டு. விடுபட்ட ஒரு கேள்வி உயிரோடு விளையாடிவிடும். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சிறுவர்களை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பேன்.

நாற்பது வருடம் இங்கே வாழ்ந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்கலாம். தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் பழகிய நோர்வேஜிய மொழியில் வேலைக்கான சொற்கள் இருந்தன. சலம் சொட்டுவதையும் எரிவதையும் பிரித்துச் சொல்லும் சொற்களுக்கு அங்கே இடமில்லை. வருகிற மொழிபெயர்ப்பாளர் நமக்குத் தெரிந்த தமிழராக இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான அச்சம். ஆனால் அவரை இரகசியக் கடமை கட்டுப்படுத்துகிறது. தொலைபேசி வழியாக வேறு ஊரில் உள்ளவரைக் கேட்கவும் முடியும். மொழி ஒருபுறமிருக்க, பி.எஸ்.ஏ. பரிசோதனை தேவையற்ற சிகிச்சைக்கு இழுத்துவிடும் என்று எச்சரிப்பவர்களும் உண்டு. நோர்வே அதை எல்லா ஆண்களுக்கும் பொதுவாகச் செய்வதுமில்லை. அந்த எச்சரிக்கை அறிகுறி இல்லாதவர்களைப் பற்றியது. இந்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் புரோஸ்டேட் புற்றுநோய் என்பதை அறிகுறி உள்ளவர் மறக்கக் கூடாது.

ஆகவே வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மூன்று நாள் எத்தனை மணிக்கு, எவ்வளவு சலம் போனது என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். பிள்ளை கூட வரட்டும். வைத்தியரின் அறைக்கு வெளியே இருக்கட்டும்.