ஏற்றத்தில் கொதிக்கும் லொறி

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்படும் லொறிக்கு ஏ9 வீதியில் சுமார் 72 கிலோமீற்றர் ஓட்டம். நாவுல, நாலந்தா, மாத்தளை என்று வீதி கொஞ்சம் கொஞ்சமாக உயரும். மாத்தளை தாண்டியதும் பலகடுவ ஏற்றம். புது லொறிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இருபது முப்பது வருடம் உழைத்துத் தேய்ந்த லொறியில் ஹீட் மீற்றரின் முள் சிவப்பைத் தொடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அசோக் லேலண்ட், டாட்டா, இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் என்று பழைய லொறிகளுக்கு இங்கே குறைவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி முழுமையாகத் தளர 2025 ஆகிவிட்டது. அதுவரை இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கும் வழியாக இருந்தது. உதிரிப்பாகங்களின் விலையோ ஏறிக்கொண்டே போனது. ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது கட்டுப்படியாகாது. அதனால்தான் கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்குமுன் கேட்கிறார்: “எப்போ சூடாகுது?”

நெரிசலில் ஊரும்போது சூடாகி, ஓட்டம் பிடித்ததும் இறங்கினால் கோளாறு காற்றில் இருக்கிறது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். விஸ்கஸ் ஃபேனாக இருந்தால் அதன் கிளட்ச் வழுக்கலாம். விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருக்கலாம்.

தட்டையான வீதியில் ஒழுங்காக ஓடி, பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடேறினால் சந்தேகம் ரேடியேட்டர் மீது விழும். முன்பக்கத்துத் தகடுகளில் தூசியும் வைக்கோலும் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் என்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். உள்ளே அடைப்பென்றால் கதை வேறு. தம்புள்ளை, கலேவெல போன்ற உலர் வலயப் பகுதிகளின் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது. வழியில் கிடைத்த தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றி வந்த லொறிக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

புறப்பட்ட சற்று நேரத்திலேயே முள் ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். தெர்மோஸ்டட்டைச் சோதிக்க ஒரு சட்டி போதும். அதைக் கழற்றி, நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்க வேண்டும். பழைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் அது 76 முதல் 82 பாகை செல்சியசுக்குள் திறக்கத் தொடங்கும்; சரியான அளவு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் கொதித்தும் வால்வு அசையாவிட்டால் அதை மாற்ற வேண்டியதுதான்.

“தெர்மோஸ்டட்டையே கழற்றி எறிந்துவிடு” என்ற யோசனை கராஜுகளில் அடிக்கடி காதில் விழும். அப்படிச் செய்தால் என்ஜின் உரிய சூட்டை எட்டாமல் டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் வழியே சுற்றுவதால் சூடு இன்னும் அதிகரிக்கும்.

பலர் கவனிக்காத பாகம் ரேடியேட்டர் மூடி. ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 118 பாகை வரை உயர்த்துகிறது. அதன் ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளும். மூடியின் விலை சொற்பம். பழைய மூடியில் எழுதியிருக்கும் அழுத்த அளவைப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வருவதும், எண்ணெய் பால்கலந்த தேநீர் நிறமாவதும், வெளியில் ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைவதும் ஹெட் கஸ்கட்டைக் காட்டுகின்றன. குமிழியைப் பார்க்க, என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கினால் கியரைக் குறைப்பது உதவும்: அதே வேகத்தில் என்ஜின் கூடுதலாகச் சுழல்வதால் விசிறியும் வோட்டர் பம்பும் வேகம் பிடிக்கும். தண்ணீர் வெளியேறிவிட்டாலோ உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆறும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

திருத்திய பிறகு, காய்ச்சி வடித்த நீரோடு கூலன்டைக் கலந்து, லொறியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, மெதுவாக நிரப்பினால் உள்ளே சிக்கிய காற்று மேலே வந்துவிடும். மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பாரம் ஏற்றலாம்.