சுங்க வகைப்பாட்டு எண்களும் காலத்தொடர் ஒப்பீடும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சித்தூர் மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 41.7 லட்சம். அதே பெயருடைய மாவட்டத்தின் இன்றைய எண்ணிக்கையை இதனோடு நேராக ஒப்பிடுபவர், மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிவிட்டனர் என்றே முடிவு கட்டுவார். உண்மையில் 2022 ஏப்ரல் 4ஆம் நாள் நடந்த சீரமைப்பில் அம்மாவட்டத்தின் பகுதிகள் திருப்பதிக்கும் அன்னமய்யாவுக்கும் சென்றன. திருப்பதி மாவட்டமோ நெல்லூரிலிருந்தும் நிலம் பெற்றது. பெயர் நின்றது, எல்லை மாறிற்று. சுங்கத்துறையின் பண்ட வகைப்பாட்டு எண்களிலும் இதே நிலை அடிக்கடி நேர்கிறது. ஆயின் அங்கு எல்லை மாறியதை எவரும் விழா எடுத்து அறிவிப்பதில்லை.

உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறை 1988 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேற்பட்டவை அந்தந்த நாட்டின் விருப்பம். இந்தியச் சுங்கத் தீர்வைப் பட்டியல் 2003இல் எட்டு இலக்கமாக விரிந்தது. பொது எண்கள் 1992, 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டன.

சேஷாசலம் மலைகளின் செம்மரத்தைக் கருதுவோம். இந்தியப் பட்டியலில் செம்மர உருட்டுக் கட்டைக்கு 4403 99 என்ற 'ஏனையவை' உட்தலைப்பின் கீழ் இடமளிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பூர்ச்சம், பாப்லர், தைல மரம் ஆகியவை இவ்வுட்தலைப்பிலிருந்து பிரிந்து தத்தமக்குரிய எண்களைப் பெற்றன. ஆகவே 2016க்கும் 2017க்கும் இடையே 4403 99இன் மொத்தம் குறைந்திருப்பின், அதனை மர வணிகத்தின் வீழ்ச்சி என்று கொள்வதற்கில்லை. எண் அதுவே; உள்ளடக்கம் அதுவன்று.

இதற்கு நேர்மாறானது திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக்கும் தலைமுடி. தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலத்தில் விற்கிறது. 5ஆம் அத்தியாயக் குறிப்பின்படி, நீளம் பார்த்துப் பிரிப்பது மட்டும் பதப்படுத்துதல் ஆகாது. அம்முடி 0501லேயே நிற்கும். வேர் நுனிகளை ஒருபுறமாக அடுக்கிவிட்டாலோ அது 6703க்குச் செல்லும். பொய்முடியாக்கினால் 6704. இங்கே 0501 குறைந்து 6703 உயருமாயின், அது பட்டியல் திருத்தத்தின் விளைவன்று. உள்நாட்டில் வேலை பெருகியதன் அடையாளமாக இருக்கலாம். 2022 ஜனவரியில் முடி ஏற்றுமதி கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டதால், அதன் பின்வரும் எண்களில் அரசாணையின் விளைவும் கலந்திருக்கும். முதலாவதை இரண்டாவதாகவும் இரண்டாவதை முதலாவதாகவும் படிக்கும் அலுவலர், தேவையற்ற இடத்தில் சலுகையும் தேவையான இடத்தில் மௌனமும் பரிந்துரைப்பார்.

சில கேள்விகளுக்கு எண்கள் விடையே தருவதில்லை. சித்தூர் வட்டாரத் தோதாபுரி மாம்பழம் பெரும்பாலும் கூழாகிறது. இந்திய எட்டு இலக்கத்தில் மாங்கூழுக்குத் தனி வரி உண்டு. ஆனால் ஆறு இலக்க அளவில் 0804 50 என்பது கொய்யா, மா, மங்குஸ்தான் மூன்றையும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறது. இறக்குமதி செய்யும் நாட்டின் ஆறு இலக்கக் கணக்கைக் கொண்டு நம் மாவை மட்டும் பிரித்தறிய இயலாது.

ஆராயப் புகுவோர் முதலில் உலகச் சுங்க அமைப்பு ஒவ்வொரு திருத்தத்தோடும் வெளியிடும் பொருத்த அட்டவணையைப் பார்த்தல் வேண்டும். ஓர் எண் பலவாகப் பிரிந்திருந்தால், பிரிந்த அனைத்தையும் பழைய எண்ணாக மீண்டும் கூட்டிக்கொள்வதே பாதுகாப்பான வழி. நுணுக்கம் குறையும்; தொடர் அறுபடாது. பல எண்களிலிருந்து ஒன்று உருவாகியிருந்தால் அவற்றை ஒரே குடும்பமாகக் கொள்ள வேண்டும். பழைய எண்ணின் மதிப்பை ஊகப் பங்கீட்டால் புதியவற்றுக்குப் பகிர்ந்தளிப்பது அழகான அட்டவணையைத் தரும். ஆயினும் அதனை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

மாணவர் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்றுண்டு. 2017, 2022 திருத்தங்கள் இந்தியாவில் ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. நம் நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. எனவே 2016-17, 2021-22 ஆகிய ஆண்டுகளின் கணக்கில் ஒன்பது மாதம் பழைய எண்ணும் மூன்று மாதம் புதிய எண்ணும் கலந்துள்ளன. இவ்விரு ஆண்டுகளுக்கும் மாதவாரிக் கணக்கையே எடுத்தல் வேண்டும்.