சர்ச்சுக்குப் போனால் சாதி போய்விடுமா? ஒரே தெருவில் ரெண்டு சான்றிதழ் ஏன்?

காவிரி டெல்டாவில் ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். அண்ணன் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். தம்பி குடும்பம் ஞானஸ்நானம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறது. ரெண்டு பேருக்கும் ஒரே வயல்ல வேலை, ஒரே கூலி. ஊர் பார்வையில் இருவருமே 'அந்தத் தெரு ஆளுங்க'தான்.

ஆனால் சாதிச் சான்றிதழ் என்று வந்தால், அண்ணன் பிள்ளைக்கு எஸ்.சி., தம்பி பிள்ளைக்கு பி.சி. ஏன் இப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் 3-வது பத்திதான் காரணம். இந்துக்கள் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வர முடியும் என்றது அது. 1956-ல் சீக்கியர்கள், 1990-ல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான்.

அதனால் என்ன நஷ்டம்?

தமிழகத்தில் எஸ்.சி. ஒதுக்கீடு 18%. தலித் கிறிஸ்தவர்கள் 26.5% பி.சி. ஒதுக்கீட்டில் வருகிறார்கள். 'அது பெருசுதானே?' என்று தோன்றலாம். ஆனால் அங்கே நிலமும் படிப்பும் தலைமுறைகளாக உள்ள பல சமூகங்களோடு போட்டி போட வேண்டும். மாநில அரசின் கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகள் இவர்களுக்கும் உண்டு. ஆனால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு மட்டும்தான்.

தேர்தலிலும் இதே கதைதான். வேளாங்கண்ணி பேராலயம் இருக்கும் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி, ஒரு தனித்தொகுதி. அங்கே ஒரு தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது.

இதனால்தான் சிலருக்கு ரெண்டு பேர்: சர்ச்சில் ஒன்று, சர்டிஃபிகேட்டில் இன்னொன்று.

மதம் மாறினால் சாதி போய்விடாதா?

தஞ்சாவூரின் வரலாறே பதில் சொல்கிறது. 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சை சபையில் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்றார்.

இது பழைய கதை மட்டுமில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து வைத்த சுவர், நம் காலத்திலும் போராட்டத்துக்குக் காரணமானது. கத்தோலிக்கத் திருச்சபையில் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர்களே 2016-ல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சென்னையில் செருப்பு தைத்துவந்த சூசை என்பவருக்கு, கிறிஸ்தவர் என்பதால் அரசின் இலவச பங்க் கடை கிடைக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

2024 நவம்பரில் புதுச்சேரி பெண் ஒருவரின் எஸ்.சி. கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்றதும், தவறாமல் சர்ச்சுக்குப் போனதும் தீர்ப்பில் முக்கிய ஆதாரமாயின. இந்து மதத்தில் உண்மையான நம்பிக்கை இல்லாமல், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்றது நீதிமன்றம்.

எதிர்த்தரப்பு வாதம் என்ன?

கிறிஸ்தவத்தில் தீண்டாமைக்கு இடமில்லை என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. ஏற்கெனவே உள்ள 18 சதவீதத்தில் இன்னும் பங்குதாரர்கள் வந்தால் தங்கள் பங்கு குறையும் என்று எஸ்.சி. அமைப்புகள் சில அஞ்சுகின்றன. அந்தப் பயத்தையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

இப்போது எங்கே நிற்கிறது?

எஸ்.சி. அந்தஸ்தை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று 2007-லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-ல் மத்திய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரல் 19-ல் தமிழக சட்டப்பேரவை, தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

அதுவரை தம்பி வீட்டுப் பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வெறும் பக்தி விஷயம் இல்லை. வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, 'நீ எந்தச் சாமியைக் கும்பிடுற?' என்ற கேள்விக்கும் சேர்த்தே அவன் டிக் அடிக்க வேண்டியிருக்கிறது. அவனைச் சாதி சொல்லி ஒதுக்கும் ஊர் மட்டும், அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.